தேரி அந்தோனியாருக்கு ஒரு கோழி

காலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். கொத்தாது, கால் இரண்டையும் கட்டித்தான் வைத்திருக்கிறேன். கண்டக்டர் வந்தால் மளிகைப் பை என்று சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் இது தலையை வெளியே நீட்டிவிட்டது. "யக்கா, இதுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?" என்று அவன் கேட்க, பஸ்ஸே சிரித்தது. சிரிக்கட்டும். எனக்குச் சிரிப்பு மறந்து நாலு நாளாகிறது.

நீங்கள் திசையன்விளைக்கா போகிறீர்கள்? நல்லதாயிற்று. அப்படியென்றால் இந்தத் தேரிக்காடு உங்களுக்குப் பழக்கம்தான். நான் அந்தோனியார் கோயில் ஆர்ச்சில் இறங்க வேண்டும். வந்ததும் சொல்லுங்கள், இந்தச் செம்மண் மேடு எல்லாம் எனக்கு ஒரே மாதிரி இருக்கிறது. அந்தக் கோயிலைச் சுற்றி ஏதாவது கிணறு உண்டா? இல்லை, சும்மாதான் கேட்டேன். குடிதண்ணீருக்கு.

சொன்னால் என்ன, நீங்கள் என்ன எங்கள் தெருவா. என் வீட்டுக்காரர் திங்கட்கிழமை காலையில் வேலைக்கென்று போனவர். இன்று வியாழன். போன் அணைந்து கிடக்கிறது. நேற்று ஒரு உப்பு லாரி டிரைவர் வீட்டுக்கு வந்து, திங்கட்கிழமை சாயங்காலம் சாரை அந்த ஆர்ச் பக்கம் இறக்கிவிட்டேன் என்கிறான். மூன்று நாளாக வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய் என்று கேட்டேன். லோடு ஏற்றிக்கொண்டு மங்களூர் போய்விட்டு இப்போதுதான் வருகிறானாம். பாவம், முகம் கறுத்துப் போயிற்று அவனுக்கு. நான் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை.

இவருக்குத் தூத்துக்குடியில் ஒரு உப்புக் கம்பெனியில் எடை மேடை வேலை. லாரி வெறுமனே வந்து மேடையில் ஏறும், ஒரு எடை. உப்பை ஏற்றிக்கொண்டு வந்து மறுபடி ஏறும், இன்னொரு எடை. முதலாவதை இரண்டாவதில் கழித்துச் சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் இதே வேலை. ஒரு கிலோ பிசகியதில்லை என்று முதலாளியே சொல்வார். பிசகுவதற்கு அதில் என்ன இருக்கிறது, மிஷின்தானே எடை போடுகிறது என்று நான் சொல்வேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் இந்தப் பங்குச் சந்தை. என்னை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. நான் அவரை வாங்கு என்றும் சொல்லவில்லை, விற்காதே என்றும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆண்டவர் சாட்சி.

என் அண்ணன் ரெமிஜியுஸ்தான் எங்கள் குடும்பத்தில் முதலில் அதற்குள் போனவன். துறைமுகத்தில் ஏஜென்சி வைத்திருந்தான், இப்போது வீட்டிலேயே இரண்டு கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் அவனும் மதினியும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. சாப்பிடுகிறபோது சந்தையைப் பற்றித்தான் பேச்சு. அதில் பாருங்கள், அங்கே பணம் போடுகிறவர்களுக்கு மனிதப் பெயரே கிடையாது. எல்லாம் மிருகம். கொம்பால் கீழிருந்து மேலே தூக்கி எறிகிற மாதிரி, விலை ஏறும் ஏறும் என்று வாங்கிப் போடுகிறவன் காளை. மேலிருந்து கீழே அறைகிற மாதிரி, விழும் விழும் என்று காத்திருக்கிறவன் கரடி. புதுக் கம்பெனிப் பங்குக்கு எழுதிப் போட்டு வாங்கி, சந்தைக்கு வந்த முதல் நாளே விற்றுவிட்டுத் துள்ளி ஓடுகிறவன் மான். போதும் என்று சொல்லத் தெரியாதவன் பன்றி. முன்னால் போகிறவன் பிட்டத்தைப் பார்த்துக்கொண்டே போகிறவன் செம்மறியாடு. விலை சரிந்தால் கணக்கைத் திறந்தே பார்க்காமல் மண்ணுக்குள் தலையை விட்டுக்கொள்கிறவன் நெருப்புக்கோழி. கட்ட வேண்டியதைக் கட்ட முடியாமல் நொண்டிக்கொண்டு வெளியே போகிறவன் வாத்து. நொண்டி வாத்து.

கோழி என்றால் பயந்தாங்கொள்ளி. நஷ்டம் வந்துவிடுமோ, நஷ்டம் வந்துவிடுமோ என்று பணத்தைத் தபால் ஆபீசில் போட்டு அதன்மேல் உட்கார்ந்து அடைகாக்கிறவன்.

அண்ணன் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி இதையெல்லாம் சொல்வான். எனக்கு ஆங்கிலப் பத்திரிகை வாசித்து முன்பே தெரியும். நான் ஹோலி ரெடீமர் கான்வென்ட். மிருகம் என்றால் எனக்குச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. சிஸ்டர் அலாய்சியா நான்காம் வகுப்பில் எந்த மிருகத்துக்கு எந்தச் சத்தம், குட்டிக்கு என்ன பெயர், கூட்டத்துக்கு என்ன பெயர் என்று பிரம்பை வைத்துக்கொண்டு பாடமாக்கினார். ஆண்டு விழாவில் மேடையேறி ஒவ்வொரு மிருகமாகச் சத்தம் போட்டுக் காட்டிப் பரிசு வாங்கினவள் நான். கழுதை, ஆந்தை, கினிக்கோழி வரைக்கும். பிஷப் கைதட்டினார்.

அதனால்தான் போன கிறிஸ்துமஸுக்கு அந்த யோசனை வந்தது. சாப்பாட்டு மேசையில் யார் எங்கே உட்காருவது என்று சின்னச் சின்ன அட்டை வைப்பார்கள் இல்லையா, கான்வென்ட்டில் அதெல்லாம் சொல்லித் தந்தார்கள். பெயர் எழுதுவதற்குப் பதில் ஆளுக்கொரு மிருகம், வாட்டர் கலரில். அண்ணனுக்குக் காளை, கொம்புக்குத் தங்கக் கலர் கொடுத்தேன். மதினிக்கு நெருப்புக்கோழி. புருஷன் என்ன வாங்குகிறான் விற்கிறான் என்று ஒரு நாளும் கேட்காதவள், பொருத்தம்தானே. இவருக்குக் கோழி. கொண்டை சிவப்பாக, அடியில் ஒரு தபால் ஆபீஸ் பாஸ்புக், அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. எனக்கா? எனக்கு எதற்கு? நான்தான் பணமே போடவில்லையே. நான் வரைகிறவள்.

எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். "படம் நல்லா இருக்கு எமரி" என்றார். என் பெயர் எமரென்சியா. அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அண்ணன் சும்மா இருப்பானா, குழம்புச் சட்டியை நகர்த்திக்கொண்டே, "மாப்ளே, ஒங்க சொந்தக்காரனயே நீங்க சாப்பிடலாமா?" என்றான். அன்றைக்குக் கோழிக் குழம்புதான் வைத்திருந்தேன். அதற்கும் சிரித்தோம். இவர் தட்டில் இருந்ததை மீதி வைக்காமல் சாப்பிட்டார். கோபித்தவர் சாப்பிடுவாரா, நீங்களே சொல்லுங்கள்.

பிறகு அது வீட்டில் நிலைத்துப் போயிற்று. பெயர் அப்படித்தானே, ஒட்டினால் ஒட்டினதுதான். பங்களூரில் நர்ஸிங் படிக்கிற மகள் போன் பண்ணினால், "கோழி எங்கே, அடைந்துவிட்டதா?" என்று கேட்பாள். அண்ணன் குடும்ப வாட்ஸப்பில் காலையில் குட் மார்னிங்குக்குப் பதில் கோழி படம் போடுவான். தெருக்காரர்கள் கூடி ஜெபம் பண்ணுகிற அன்பியக் கூட்டத்தில் ஒருநாள் நானே சொன்னேன், எங்கள் வீட்டில் ஒரு கோழி இருக்கிறது, முட்டைதான் இடாது என்று. எங்கள் கோயில் பங்குச் சாமியார்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இன்றுவரை என் நாக்கால் ஒருவர் மனம் புண்பட்டது என்று சரித்திரம் கிடையாது. பக்கத்து வீட்டு லில்லி என்னோடு பேசி ஆறு வருஷமாகிறது. அது வேறு விஷயம்.

இது என்ன ஊர்? உடன்குடியா? இன்னும் எவ்வளவு நேரம்? அரை மணியா. இந்த டிரைவர் ஏன் இப்படி உருட்டுகிறான்.

ஈஸ்டர் முடிந்து இவர் யாரிடமும் சொல்லாமல் நேரே அண்ணன் வீட்டுக்குப் போய், எனக்கும் ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுங்கள் மச்சான் என்று நின்றிருக்கிறார். தபால் ஆபீஸ் பணம் முழுவதும். அதற்குப் பிறகு பி.எஃப். லோன். அது எனக்குத் தெரியும். வீட்டுப் பத்திரத்தைப் பைனான்ஸில் வைத்தது எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை அந்தப் பைனான்ஸ்காரன் வாசலில் வந்து பைக்கை நிறுத்தினபோதுதான் தெரியும். அதுவும் பங்கை வாங்கிப் பெட்டியில் வைப்பது இல்லையாம் இது, நாளைக்கு ஏறும் இறங்கும் என்று பந்தயம் கட்டுகிற மாதிரி ஏதோ ஒன்று. அண்ணன் அதில்தான் சம்பாதித்தான், இவரும் அதில்தான் போட்டார்.

முதல் மூன்று வாரம் ஏறிற்று. அந்த மூன்று வாரம் அவரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது பாட்டு. வெள்ளிக்கிழமை மக்ரூன் வாங்கிக்கொண்டு வந்தார். ஒருநாள் நான் துணி மடித்துக்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் வந்து உட்கார்ந்து அந்தக் கோழி அட்டையைப் பையிலிருந்து எடுத்தார். எடை மேடை கேபினில் ஒட்டி வைத்திருந்திருக்கிறார், உப்புக் காற்றில் ஓரமெல்லாம் சுருண்டு போயிருந்தது.

"எமரி, இத மாத்தி வரஞ்சு தருவியா?"

என்ன வரைய வேண்டும் என்று கேட்டேன். வேண்டுமென்றேதான் கேட்டேன், எனக்குத் தெரியாதா. அவர் வாயால் வரட்டும் என்று. ஐம்பத்து மூன்று வயது மனுஷர், காளை என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு விரலைத் தலையில் கொம்பு மாதிரி வைத்துக் காட்டினார். இன்னும் ஆறு மாதம் போகட்டும் பார்க்கலாம் என்றேன். சரி என்று அட்டையை மறுபடி பையில் வைத்துக்கொண்டார். வரைந்து கொடுத்திருக்கலாம். கலர் எல்லாம் வீட்டில்தான் இருந்தது. எனக்கு அன்றைக்கு நேரமில்லை. துணி மலைபோல் கிடந்தது.

கோழி ஏன் இப்படித் துடிக்கிறது? கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்த்து வையுங்கள், வெயில் படுகிறது. நன்றி.

அப்புறம் விழ ஆரம்பித்தது. போன வாரம் திங்கள் விழுந்தது, செவ்வாய் விழுந்தது. இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புதன்கிழமை காலை ஆப்பம் சுட்டுக்கொண்டிருக்கிறேன். அடுப்படி வாசலில் வந்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார். என்ன, தேங்காய்ப் பாலா வேண்டும் என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார்.

"எமரி, எல்லாத்தையும் வித்துட்டு வெளிய வந்துரட்டா? இப்ப வந்தா பத்திரத்த மீட்டிரலாம்."

என்ன பத்திரம் என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை. காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. சட்டியில் ஆப்பம் கருகிக்கொண்டிருந்தது. நான் சொன்னேனே, ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று. அது சத்தியம். வார்த்தை சொல்லவில்லை. ஒரு சத்தம் மட்டும் போட்டேன். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே முழங்கையை இப்படி இரண்டு தட்டுத் தட்டி, கொக்... கொக்... கொக் என்று. அச்சு அசலாக இருக்கும், பிஷப் கைதட்டின சத்தம். விளையாட்டுக்கு. வீட்டில் புருஷன் பெண்டாட்டி இப்படி விளையாடுவதில்லையா?

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "சரி" என்றார். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விற்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஒன்றும் இல்லாமல் போய்விட்டதாம். இது எனக்கு முந்தாநாள்தான் தெரியும். அண்ணன் அதற்கு முந்தின நாள் செவ்வாய்க்கிழமையே தன்னுடையதை எல்லாம் விற்றுவிட்டு வெளியே வந்திருக்கிறான். மதினி வாய்தவறிச் சொன்னாள். மாப்பிள்ளைக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். அவனுக்கு ஆயிரம் ஜோலி, மறந்திருப்பான். என் கூடப் பிறந்தவனைப் பற்றி எனக்குத் தெரியாதா? போலீசுக்குப் போக வேண்டாம், குடும்பப் பெயர் கெட்டுவிடும் என்று சொன்னதும் அவன்தான். நம் நல்லதுக்குத்தான் சொல்வான். இன்றைக்குக்கூட வருகிறேன் என்றுதான் சொன்னான், ஆனால் சந்தை மூன்றரைக்குத்தான் மூடுமாம்.

அந்தப் புதனிலிருந்து சனி வரை இவர் எப்போதும் போலத்தான் போனார், வந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூட வந்தார். திங்கட்கிழமை டிபன் பாக்ஸ் கழுவி மூடியபடி அடுப்படியிலேயே இருந்தது. மறந்துவிட்டார், வெளியில் சாப்பிடட்டும், புத்தி வரும் என்று இருந்துவிட்டேன். மறுநாள் கம்பெனிக்குப் போன் போட்டால், சனிக்கிழமையே சாவியைக் கொடுத்துவிட்டு லீவு எழுதிக் கொடுத்துப் போய்விட்டாராம். அதன் பிறகுதான் அந்த டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

இதோ பாருங்கள். இதுதான் உள்ளே இருந்தது. எடைச் சீட்டு. நீங்களே வாசியுங்கள், ஆங்கிலம்தான். சரி கொடுங்கள், நான் சொல்கிறேன். வண்டி எண் இருக்கிற இடத்தில் ஒன்றும் இல்லை. சரக்கு என்று இருக்கிற இடத்தில், சிக்கன். மொத்த எடை அறுபது கிலோ. வெற்று எடை, அதாவது சரக்கு ஒன்றும் இல்லாமல் வண்டி மட்டும், அதுவும் அறுபது கிலோ. கழித்து வருகிற நிகரம் பூஜ்யம்.

அறுபது டன் லாரி ஏறுகிற மேடையில் அவர் தனியாக ஏறி நின்றிருக்கிறார். இரண்டு தடவை.

என்ன வேடிக்கை பாருங்கள் இது. மனுஷரை அப்படி எடை போட்டுக் கழிப்பார்களா யாராவது? இருபத்திரண்டு வருஷம் பிசகாதவர் என்று பெயர். நான் அதை எத்தனை தடவை பார்த்தேன் தெரியுமா? கூட்டிப் பார்த்தேன், கழித்துப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் வருகிறது. எனக்கு அதற்கு மேல் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம்தான், சரக்கு சிக்கன் என்று போட்டிருக்கிறாரே, அந்தோனியார் கேட்கிறார் போலிருக்கிறது என்று பட்டது. தொலைந்ததைத் தேடிக் கொடுக்கிறவர் அவர்தானே. அதனால்தான் கோழி நேர்ந்துகொண்டேன். நல்ல நாட்டுக் கோழியாகப் பார்த்து, விலை பேசாமல் வாங்கினேன். விலை பேசாமல் நான் எதையும் வாங்கியதில்லை வாழ்க்கையில். இந்தாரும் அந்தோனியாரே, கோழியை வைத்துக்கொள்ளும், என் ஆளைக் கொடுத்துவிடும் என்று.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

நீங்கள் சொல்லவே இல்லையே, கிணறு உண்டா என்று. உண்டா? கைப்பிடிச் சுவர் இருக்கிறதா? எவ்வளவு உயரம்? இடுப்பு உயரமா. அவர் குள்ளம். அவருக்கு நெஞ்சு வரை வரும். நெஞ்சு வரை வந்தால் ஏற முடியாது, இல்லையா? அவருக்கு முட்டி வலி வேறு. ஏற முடியாது. நீங்கள் ஆமாம் என்று சொல்லுங்களேன்.

விசில் அடிக்கிறானே, ஆர்ச்சா? இதுதானா? அந்த வெள்ளை ஆர்ச்சா?

இருங்கள். ஜன்னலை முழுக்கத் திறவுங்கள். அந்த வேப்ப மரத்தடியில், மெழுகுதிரிக் கடைக்கு இந்தப் பக்கம். நீலக் கட்டம் போட்ட சட்டை. காலர் கிழிந்து நான் திருப்பித் தைத்தது, இங்கிருந்தே தெரிகிறது. நாலு நாள் தாடி. தலைக்கு எண்ணெய் வைக்காமல்... ஐயோ, உட்கார்ந்திருக்கிறார். அந்தோனியாரே. உட்கார்ந்துதான் இருக்கிறார். பஸ்ஸைப் பார்க்கிறார். ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார் போலிருக்கிறது. இல்லை, என்னை இன்னும் பார்க்கவில்லை. படிக்கட்டைத்தான் பார்க்கிறார், யார் இறங்குகிறார்கள் என்று.

இறங்குகிறேன், இறங்குகிறேன். கண்டக்டரை ஒரு நிமிஷம் நிற்கச் சொல்லுங்கள். பையை எடுத்துவிட்டேன். ஆனால்...

நான் எப்படி இறங்குவேன்? கையில் இதை வைத்துக்கொண்டு? நாலு நாள் கழித்து, இந்தப் படிக்கட்டில், அவர் பார்த்துக்கொண்டிருக்கிறபோது, கையில் கோழியைப் பிடித்துக்கொண்டு நான் எப்படிப் போய் அவர் முன்னால் நிற்பேன்?

இந்தாருங்கள், பிடியுங்கள். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். குழம்பு வையுங்கள், வளருங்கள், என்னமும் செய்யுங்கள். இல்லை, நேர்ச்சைக்கு நான் அந்தோனியாரிடம் கடன் சொல்லிக்கொள்கிறேன். கீழே குனிந்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள், முந்தானையைப் போட்டு மூடுங்கள். அலகைப் பிடியுங்கள், அப்படி இல்லை, இரண்டு விரலால், இறுக்கமாக. மூச்சு முட்டாது. பஸ் கிளம்பி அந்த வளைவு தாண்டுகிற வரைக்கும் விட்டுவிடாதீர்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், இது சத்தம் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.